கொள்கலனுக்குள் ஆள் இறங்கும் வேலைக்கு எந்தக் குழாயில் எந்த பிளைண்ட் போடுவது?

கேள்வி – பராமரிப்புத் திட்டமிடுபவர்

அனைவருக்கும் வணக்கம். வரவிருக்கும் ஷட்டவுனில் எங்கள் கரைப்பான் கொள்கலன் ஒன்றுக்குள் ஆட்கள் இறங்கி, பழைய உட்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது. வேலை குறைந்தது ஒன்பது நாள் நடக்கும். எந்த நேரத்திலும் இரண்டு பேராவது உள்ளே இருப்பார்கள். பக்கத்து யூனிட்கள் அந்த நாட்களில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

கொள்கலனோடு ஐந்து குழாய்கள் இணைந்திருக்கின்றன. 200 மி.மீ. கரைப்பான் வரத்துக் குழாய் (வடிவமைப்பு அழுத்தம் 15 பார், சாதாரண வெப்பநிலை), 80 மி.மீ. நீராவிக் குழாய் (10 பார்), 25 மி.மீ. நைட்ரஜன் குழாய் (7 பார்), பல கொள்கலன்களின் ஆவியை வெளியேற்றும் பொதுவான 300 மி.மீ. வென்ட் ஹெட்டர் (அரை பாருக்குள்), அடியில் 100 மி.மீ. டிரெயின் (வடிகால்). ஃபிளாஞ்சுகள் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டுகள்) எல்லாமே கிளாஸ் 150 அழுத்தத் தரம், ரெய்ஸ்டு ஃபேஸ் (முகம் சற்று உயர்ந்த வகை). கரைப்பான் குழாயில் மட்டும் ஸ்பெக்டகிள் பிளைண்ட் (ஒரு திடமான வட்டமும் ஒரு வளையமும் சேர்ந்த, மூக்குக்கண்ணாடி வடிவ அடைப்புத் தகடு) ஏற்கெனவே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.

மற்ற குழாய்களுக்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. வால்வுகளை மூடிப் பூட்டுப் போட்டால் போதும் என்கிறார் உற்பத்திப் பிரிவினர் ஒருவர். பட்டறையில் கிடக்கும் தகட்டை வட்டமாக வெட்டி எல்லாவற்றிலும் செருகிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எந்த வகை பிளைண்டை எங்கே போடுவது, தடிமனை எப்படி முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் – குழாய்வழி வடிவமைப்பாளர்

முதலில் வால்வு பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடிய வால்வு ஓட்டத்தை நிறுத்துவதற்கான கருவி. மனித உயிரை அதன் பின்னால் நிறுத்தி வைப்பதற்காக அது செய்யப்படவில்லை. சீட்டில் ஒரு வெல்டிங் துணுக்கோ துருச் செதிளோ மாட்டினாலே கசியும். மூடியிருக்கிறது என்று கைப்பிடி காட்டும்போது உள்ளே திறந்திருக்கவும் கூடும். டெக்சாஸின் பசடேனாவில் 1989 அக்டோபர் 23 அன்று ஒரு பாலிஎத்திலீன் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 23 பேர் இறந்தார்கள். அங்கே அடைப்பு நீக்கும் வேலை நடந்த கிளைக் குழாயில், ஓடிக்கொண்டிருந்த ரியாக்டருக்கும் வேலை செய்தவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரேயொரு பால் வால்வு. அதை இயக்கும் காற்றுக் குழாய்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்ததால், மூட வேண்டிய கட்டளைக்கு அது திறந்துகொண்டது. பிளைண்டும் இல்லை, இரண்டாவது வால்வும் இல்லை.

அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகளில் பிளைண்ட் போடுவதற்கு ஓர் இலக்கணம் இருக்கிறது: குழாயின் துளையை முழுவதுமாக மூடும் திடமான தகட்டை இறுகப் பொருத்த வேண்டும், அந்தக் குழாயில் வரக்கூடிய அதிகபட்ச அழுத்தத்தை அந்தத் தகடு தாங்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு சொட்டும் கசியக் கூடாது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த மூன்று நிபந்தனைகளுக்குள்ளேயே இருக்கிறது. பிளைண்டைத் துளையை மறைக்கும் தகடாகப் பார்க்காமல், குழாயைப் போலவும் ஃபிளாஞ்சைப் போலவும் அழுத்தத்தைத் தாங்கும் ஓர் உறுப்பாகப் பார்க்கத் தொடங்கினால், பட்டறைத் தகடு என்ற பேச்சே எழாது.

வகைகளைப் பார்ப்போம். ஸ்பெக்டகிள் பிளைண்டின் பெரிய சிறப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும் என்பதுதான். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வளையமாக இருந்தால் குழாய் அடைபட்டிருக்கிறது. திடமான வட்டமாக இருந்தால் வழி திறந்திருக்கிறது. அடிக்கடி அடைக்க வேண்டிய குழாய்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் குழாய் பெரிதாகப் பெரிதாக எடையும் ஏறும். 400 மி.மீ. விட்டமும் 19 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகு வட்டம் மட்டுமே சுமார் 19 கிலோ வரும். அதோடு வளையமும் சேர்ந்தால் உயரத்தில் நின்று அதைத் திருப்பிப் போடுவது சுலபமில்லை. ஆகவே பெரிய அளவுகளில் ஸ்பேட் (அடைக்கும் திடத் தகடு), ஸ்பேசர் வளையம் (வழி திறந்திருக்கும்போது அதன் இடத்தை நிரப்பும் வளையம்) என இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த மூன்று வகைகளின் அளவுகளையும் தடிமன்களையும் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம்) வெளியிடும் பி16.48 தரநிலை 24 அங்குலம் வரையிலும், கிளாஸ் 150 முதல் 2500 வரையிலும் அட்டவணையாகவே தருகிறது. அந்த அட்டவணைப்படி செய்த பிளைண்டை வாங்கினால் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் விட உறுதியான வழி, கொள்கலனை ஒட்டியிருக்கும் குழாய்த் துண்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அழுத்தம் இருக்கும் பக்கத்து ஃபிளாஞ்சில் முழு பிளைண்ட் ஃபிளாஞ்சைப் பூட்டுவது. நடுவில் வெறும் காற்று மட்டுமே இருக்கும். பிளைண்ட் கசிந்தாலும் வெளியே தெரியும், கொள்கலனுக்குள் போகாது. உங்கள் நைட்ரஜன் குழாய்க்கு இதைத்தான் செய்ய வேண்டும். 25 மி.மீ. தானே என்று அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து குழாய்களில் எனக்கு அதிகம் அச்சம் தருவது அதுதான்: மணம் இல்லை, நிறம் இல்லை, உள்ளே இருப்பவருக்கு மூச்சுத் திணறும் உணர்வுகூட வராமலே ஆக்ஸிஜன் குறைந்து மயங்கிச் சரிந்துவிடுவார்.

வென்ட் ஹெட்டரையும் மறந்துவிடாதீர்கள். அழுத்தம் குறைவு என்பதால் பலரும் அதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஆனால் மற்ற கொள்கலன்களின் ஆவி திரும்பி வரும் வழி அதுதான். டிரெயினுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பதில் – அழுத்தக் கலன் ஆய்வாளர்

தடிமன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தரநிலை அட்டவணைக்கு வெளியே ஒரு பிளைண்ட் செய்ய நேர்ந்தால் ஏ.எஸ்.எம்.இ. பி31.3 தரும் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். வடிவமைப்பு அழுத்தத்தை 3 ஆல் பெருக்கி, அதை உலோகத்தின் அனுமதிக்கப்பட்ட தகைவின் (ஓர் அலகுப் பரப்பில் உலோகம் தாங்கலாம் என்று வைத்த விசை) 16 மடங்கால் வகுத்து, கிடைத்ததன் வர்க்கமூலத்தைக் கேஸ்கெட்டின் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) உள்விட்டத்தால் பெருக்க வேண்டும். பிறகு அரிமானத்துக்கான கூடுதலைச் சேர்க்க வேண்டும். தகட்டில் பற்றவைப்பு இருந்தால் அதற்கான குணகமும் வகுக்கும் பக்கம் சேரும். இது ரெய்ஸ்டு ஃபேஸ், ஃபிளாட் ஃபேஸ் இணைப்புகளுக்கு. ரிங் ஜாயின்ட்டாக (பள்ளத்தில் உலோக வளையம் அமரும் வகை) இருந்தால் கேஸ்கெட்டின் பிட்ச் விட்டத்தை, அதாவது வளையத்தின் நடுக்கோட்டு விட்டத்தை, எடுக்க வேண்டும்.

உங்கள் 200 மி.மீ. குழாயையே எடுத்துக்கொள்வோம். கேஸ்கெட் உள்விட்டம் 230 மி.மீ., அழுத்தம் 1.5 மெகாபாஸ்கல் (15 பார்), அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 10.4 மி.மீ. வருகிறது. அரிமானத்துக்கு 1.5 மி.மீ. சேர்த்தால் ஏறத்தாழ 12 மி.மீ. அதே இடத்தில் பட்டறையில் கிடக்கும் 3 மி.மீ. தகட்டை வெட்டிப் போட்டால் என்ன ஆகும்? கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அது பாதுகாப்பாகத் தாங்குவது 1.25 பார் மட்டுமே. 15 பாரில் அந்த வட்டத்தின் மீது விழும் விசை 6 டன்னுக்கு மேல்.

சூத்திரத்திலிருந்து இரண்டு விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். விட்டம் இரட்டித்தால் தடிமனும் இரட்டிக்க வேண்டும். அழுத்தம் நான்கு மடங்கானால்தான் தடிமன் இரண்டு மடங்காகும். பெரிய குழாயில் அழுத்தம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மெல்லிய தகடு போதும் என்று கண்ணளவில் முடிவு செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அழுத்தம் என்று எதை எடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. வேலை நடக்கும்போது கேஜ் காட்டும் எண் பயன்படாது. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தில் வரக்கூடிய அதிகபட்சம் எதுவோ, அதாவது பம்பின் வெளிவழி மூடியிருக்கும்போது வரும் அழுத்தம், பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட வடிவமைப்பு அழுத்தமே இங்கே பொருந்தும். வெப்பநிலையும் சேர்ந்தே வரும். கிளாஸ் 150 கார்பன் எஃகு ஃபிளாஞ்ச் 38 டிகிரி செல்சியஸ் வரை 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் 13.8 பார்தான். உங்கள் 10 பார் நீராவி ஏறத்தாழ 184 டிகிரியில் இருக்கும் என்பதால் வரம்புக்குள்ளேயே வருகிறீர்கள். ஆனால் அந்த வரம்பு நீங்கள் நினைத்த அளவுக்கு அகலமானதில்லை.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். குழாய் எந்த உலோகமோ அதற்கு நிகரானதே பிளைண்டுக்கும் வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகை மைனஸ் 29 டிகிரிக்குக் கீழே, தாக்கச் சோதனை (அடித்தால் நொறுங்குகிறதா என்று பார்ப்பது) செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள இடத்தில் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு உண்டு. ஒன்பது நாள்தானே என்று அமிலக் குழாயில் கார்பன் எஃகு ஸ்பேடைப் போட்டுவிட்டு, பத்தாம் நாள் அதை எடுக்க மறந்துபோன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வென்ட் ஹெட்டருக்குக் கணக்குப் போட்டால் 3 மி.மீ.க்கும் குறைவாகவே வரும். இருந்தாலும் அங்கேயும் கிளாஸ் 150க்குரிய முழுத் தடிமனையே போடுங்கள் என்பேன். மெல்லிய தகடு போல்ட் இறுக்கும்போதே வளைந்து கேஸ்கெட்டைச் சரியாக அழுத்தாமல் போகலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்தத் தகடு வேலை முடிந்ததும் ஸ்டோருக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து, அது அரை பாருக்குச் செய்தது என்பதை அறியாத ஒருவர் அதே 300 மி.மீ. அளவில் வேறொரு குழாய்க்கு எடுத்துச் செல்வார். கைப்பிடியில் அளவு, கிளாஸ், உலோகம் மூன்றும் எண் வெட்டிப் பொறிக்கப்படாத எந்த பிளைண்டும் ஸ்டோரில் இருக்கக் கூடாது.

பதில் – ஓய்வுபெற்ற ஃபிட்டிங் மேற்பார்வையாளர்

இரண்டு பொறியாளர்களும் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மெல்லிய தகட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓர் ஆலையில் நாங்கள் கழற்றிய 150 மி.மீ. ஸ்பேட், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது போல நடுவில் ஒரு விரற்கடை அளவு புடைத்திருந்தது. ஓரத்தில் கேஸ்கெட் உட்கார்ந்த தடம் பாதி வட்டத்துக்குத்தான் இருந்தது. மறுபாதியில் உலோகம் துடைத்துவிட்டது போல மின்னியது. அந்தப் பாதி வழியாகத்தான் திரவம் உள்ளே ஊறியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நான்கு நாள் நான் படுத்துக்கொண்டு கிரைண்டிங் செய்திருந்தேன். அன்றிலிருந்து கையில் காலிப்பர் இல்லாமல் நான் எந்த பிளைண்டையும் வாங்கிக்கொண்டதில்லை.

பிளைண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அது செருகப்படும் இடத்தையும் போய்ப் பார்த்துவிட வேண்டும். 12 மி.மீ. ஸ்பேட், அதற்கு இரண்டு பக்கமும் 4.5 மி.மீ. கேஸ்கெட் என்று வைத்தால் மொத்தம் 21 மி.மீ. இடம் வேண்டும். இப்போது அங்கே இருப்பது ஒரு கேஸ்கெட்டின் இடம் மட்டுமே. ஆகவே குழாயை இன்னும் 16 அல்லது 17 மி.மீ. விலக்கியாக வேண்டும், செருகுவதற்கு அதற்கு மேலும் கொஞ்சம். விலகும் அளவுக்கு அந்தக் குழாயில் நெகிழ்வு இருக்கிறதா, சப்போர்ட்டைத் தளர்த்த முடியுமா, ஃபிளாஞ்சுகளைத் தள்ளி விலக்கும் ஜாக் போல்ட் உண்டா என்று ஷட்டவுனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். செயின் பிளாக் போட்டு இழுத்து, பம்பின் வாயையோ கொள்கலனின் நாசிலையோ (குழாய் இணையும் வாய்) வளைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டட்களும் அதே 17 மி.மீ. அளவுக்கு நீளமாக வேண்டும். இது நினைவில்லாமல் போனால், நட்டுக்குள் முக்கால்வாசி மரை மட்டும் ஏறிய நிலையில் இறுக்கிவிட்டுப் போவார்கள்.

கேஸ்கெட் இரண்டு பக்கமும் புதிதாக இருக்க வேண்டும். அழுத்தம் ஒரு பக்கம்தானே வரும் என்று ஒரு பக்கம் மட்டும் போட்டு மறுபக்கத்தை உலோகத்தோடு உலோகமாக விடுவது தவறு. இறுக்கம் சீராக வராது. போல்ட்களை எதிரெதிராக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கையால் திருகி நிறுத்திய பிளைண்ட் பிளைண்டே இல்லை. வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 1988 ஜூலை 6 இரவு 167 பேர் இறந்ததற்கு வழிவிட்டது அப்படியொரு இணைப்புதான். பாதுகாப்பு வால்வைக் கழற்றிய இடத்தில் பிளைண்ட் ஃபிளாஞ்ச் இருக்கத்தான் செய்தது. ஆனால் கசியாத அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் அது தெரியாமல் அந்தப் பம்பை ஓட்டியது.

ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது உங்களுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். உள்ளே மீதி இருப்பது உங்களை விட்டு விலகிப் பீய்ச்சட்டும். டிரெயின் திறந்து ஒன்றும் வரவில்லை என்பதால் குழாய் காலி என்று நம்பிவிடாதீர்கள். டிரெயின் அடைத்திருந்தாலும் ஒன்றும் வராது.

கேள்வி கேட்டவர்

மிகவும் நன்றி. ஐயா சொன்னபடி இன்று நேரில் போய் அளந்து பார்த்தேன். நீராவிக் குழாயில் வளைவு இருப்பதால் விலக்க முடிகிறது. டிரெயினிலும் நைட்ரஜனிலும் துண்டைக் கழற்றிவிடலாம். ஆனால் 300 மி.மீ. வென்ட் ஹெட்டர் இரண்டு பக்கமும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, 5 மி.மீ. கூட விலகாது. அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும், நடுவில் கசிந்து வருவதை வெளியே விடும் சிறு திறப்பான ஒரு பிளீடும் இருக்கின்றன. இரண்டையும் மூடி, பிளீடைத் திறந்து, எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் போதுமா?

பதில் – குழாய்வழி வடிவமைப்பாளர்

இதில் விதிகளே ஒரே குரலில் பேசவில்லை. நான் மேலே சொன்ன அமெரிக்க விதிகள், ஆள் இறங்கும் வேலைக்கும் இரட்டை வால்வு, நடுவே பிளீடு என்ற முறையை ஏற்கின்றன. பிரிட்டனின் பாதுகாப்பு நிர்வாகத்தின் எச்எஸ்ஜி253 வழிகாட்டியோ, கொள்கலனுக்குள் ஆள் இறங்குவதற்குக் குழாயைத் துண்டிப்பதையோ பிளைண்ட் போடுவதையோ எதிர்பார்க்கிறது. நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். இரண்டு மணி நேர வேலையாக இருந்து, இரண்டு வால்வுகளும் கசியவில்லை என்று தனித்தனியே சோதித்திருந்தால் யோசிக்கலாம். ஒன்பது நாள் பிளீடு அடைக்காமல் இருக்கும், யாரும் அதை மூடமாட்டார்கள் என்று நம்பி இரண்டு பேரை உள்ளே அனுப்ப எனக்கு மனம் வராது.

உங்கள் இடத்தில் இரட்டை வால்வை முதல் படியாக மட்டும் பயன்படுத்துங்கள். அதன் பாதுகாப்பில், கொள்கலனுக்கும் உள்வால்வுக்கும் நடுவில் இருக்கும் வளைவுத் துண்டை மொத்தமாகக் கழற்றி இறக்கிவிட்டு, வால்வின் ஃபிளாஞ்சில் முழு பிளைண்ட் ஃபிளாஞ்சைப் பூட்டுங்கள். விலக்க முடியாத குழாயைக் கழற்ற முடியும். கிரேன் வேலை அரை நாள் கூடும். அதை அட்டவணையில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அதே சந்தர்ப்பத்தில் அந்த இடத்தில் ஒரு ஸ்பேசர் வளையத்தை நிரந்தரமாக வைத்துத் துண்டின் நீளத்தைத் திருத்திக்கொண்டால், அடுத்த முறை வளையத்தை எடுத்துவிட்டு அதே தடிமனுள்ள ஸ்பேடைச் செருகினால் போதும்.

பதில் – ஓய்வுபெற்ற ஃபிட்டிங் மேற்பார்வையாளர்

திரும்ப எடுக்கும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போடும்போது இருக்கும் கவனம் எடுக்கும்போது இருப்பதில்லை. ஒவ்வொரு பிளைண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, குழாய் வரைபடத்தில் அந்த எண்ணைக் குறித்து, போட்டவர், சரிபார்த்தவர், எடுத்தவர் மூவரும் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று கண்ட்ரோல் ரூமில் இருக்கட்டும். கைப்பிடி இன்சுலேஷனுக்கு வெளியே தெரிய வேண்டும். சிவப்பு அட்டை கம்பியால் கட்டியிருக்க வேண்டும், நூலால் அல்ல.

அழுத்தம் இருக்கும் பக்கத்து வால்வு ஒன்பது நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தால், வால்வுக்கும் பிளைண்டுக்கும் நடுவில் முழு அழுத்தமும் தேங்கி நிற்கும். உங்கள் நீராவிக் குழாயில் அது கொதிக்கும் நீராகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் வென்ட்டும் டிரெயினும் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் பிளைண்டை வால்வின் பக்கத்து ஃபிளாஞ்சிலிருந்து மாற்றி, குழாயின் டிரெயினைத் தாண்டிக் கொள்கலன் பக்கம் உள்ள ஃபிளாஞ்சில் போடுங்கள். எடுக்கும் அன்று காலை அந்த டிரெயினைத் திறந்து, அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் பக்கவாட்டில் நின்று குத்திப் பார்த்த பிறகே முதல் நட்டைத் தொடுங்கள்.